சந்தை பணம் உங்கள் கணக்கு வழியாகப் போக வேண்டாம்

கேள்வி: வயது 33. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் 6 வருடமாக நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலை. மாதம் ₹45,000 கைக்கு வருகிறது, வீட்டுச் செலவு ₹35,000, சேமிப்பு ₹6 லட்சம். வேலையை விட்டு, கைவினைச் சந்தைகளைத் தனியாக எடுத்து நடத்த ஆசை. ஒரு சந்தைக்கு மொத்த பட்ஜெட் ₹4 லட்சம், அதில் என் கட்டணம் 15%. சந்தையை ஒப்படைக்கும் நிறுவனம் பாதி முன்பணம் தரும், மீதி 45 நாள் கழித்து. பிஎஃப் பணத்தை எடுத்து முதலாகப் போடலாமா?

பதில்: பிஎஃப்பைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் நிபந்தனைகளோடு வேலையை விடவும் வேண்டாம். முதலில் அவற்றை மாற்றிப் பேசுங்கள்.

கட்டணம் ₹60,000 போக, சந்தைச் செலவு ₹3.4 லட்சம். முன்பணம் ₹2 லட்சம்தான். பத்தமடையிலிருந்து பாய் முடைபவர் வருகிறார் என்றால் ரயில் டிக்கெட், எழும்பூரில் பாய்க்கட்டை இறக்கி ஏற்றும் கூலி, குட்டியானை வண்டி வாடகை, தங்குமிடம், தினப்படி எல்லாம் அன்றன்றே ரொக்கமாகப் போகும். ஆக ₹1.4 லட்சம் உங்கள் கைப்பணம். டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று எடுத்தால், முதல் சந்தையின் மீதி வருவதற்குள் ₹2.8 லட்சம் முடங்கும். 9 மாத வீட்டுச் செலவுக்கு ₹3.15 லட்சம் ஒதுக்கினால் சேமிப்பில் மிஞ்சுவது ₹5,000.

பலர் கவனிக்காத இடம் ஜிஎஸ்டி. முழு ₹4 லட்சத்துக்கும் நீங்களே பில் போட்டால், 6 சந்தையில் விற்றுமுதல் ₹24 லட்சம். சம்பாதித்தது ₹3.6 லட்சம்தான், ஆனால் சேவைகளுக்கான ₹20 லட்சம் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்; பதிவு செய்து பில்லில் 18% ஜிஎஸ்டி சேர்க்க வேண்டும். மொத்த பில்லில் டிடிஎஸ்ஸும் (வருமான வரி முன்பிடித்தம்) பிடிப்பார்கள். அறக்கட்டளையாக நடக்கும் அருங்காட்சியகங்கள் பலவற்றால் அந்த 18% ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் கட்டணத்தில்தான் கை வைப்பார்கள்.

அதனால் டிக்கெட், தங்குமிடம், பந்தல் மூன்றுக்கும் சந்தையை உங்களிடம் ஒப்படைக்கும் நிறுவனமே நேரடியாகக் கட்டட்டும். நீங்கள் கட்டணத்துக்கு மட்டும் பில் போடுங்கள். சில்லறைச் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, 70% முன்பணம். ஒத்துக்கொள்ளாதவர்களின் சந்தையை எடுக்காதீர்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்யுங்கள்: எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டப்படி கேட்கலாம்.

இன்றைய சம்பளத்தை எட்டவே வருடம் 9 சந்தை வேண்டும். வெயில் மாதங்களில் திறந்தவெளிச் சந்தை படுத்துவிடும். அதை ஈடுகட்ட, மே மாதக் குழந்தைகள் பயிலரங்குகளை இப்போதே பேசி வையுங்கள். 5 சந்தைக்காவது கையெழுத்தான கடிதம் வந்தபின், செப்டம்பரில் விலகுங்கள். பிப்ரவரியில் விலகினால் அடுத்த சீசன் வரை சேமிப்பைத் தின்ன வேண்டியிருக்கும்.

அலுவலக மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். தனிப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டுமே கிளைம் கிடைக்கும். ஆகவே ராஜினாமா கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே அதை எடுத்துவிடுங்கள்.