பழைய போர் ஜெட்டின் பின் இருக்கையில் ஏறுவதற்கு முன்

கேள்வி: நண்பர் ஒருவரின் குழு எல்-39 ஜெட் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கி வான்காட்சிகளில் பறக்கவிடுகிறது. காட்சி இல்லாத ஒரு நாளில் என்னைப் பின் இருக்கையில் அழைத்துப்போவதாகச் சொல்கிறார். விமானத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஆனால் பறந்த மணிநேரம் மிகக் குறைவு, பல வருடம் ஹேங்கரிலேயே பத்திரமாக இருந்தது, அதனால் புதுசு மாதிரிதான் என்கிறார். நம்பி ஏறலாமா? என்னவெல்லாம் கேட்க வேண்டும்? எனக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: உங்கள் நண்பர் தைரியம் சொல்வதற்காகச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஜெட் விமானம் சும்மா நிற்பதாலும் கெட்டுப்போகும். பறந்தால் உலோகம் தேயும், நின்றால் ரப்பர் சாகும். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு) சீல்கள், எரிபொருள் குழாய்கள், பம்புக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு இவையெல்லாம் காய்ந்து இறுகி வெடிப்பு விடுவதற்கு ஒரு மணி நேரம்கூடப் பறந்திருக்க வேண்டியதில்லை. பெயின்ட்டுக்கு அடியில் துரு ஓடும், வெளியே பளபளவென்றுதான் இருக்கும். அதனால்தான் இந்த விமானங்களின் பாகங்களுக்கு இரண்டு வகை ஆயுள் எழுதி வைத்திருப்பார்கள், ஒன்று பறந்த மணிக்கணக்கு, இன்னொன்று நாட்காட்டிக் கணக்கு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவே கணக்கு. உங்கள் நண்பர் முதல் கணக்கை மட்டும் சொல்லியிருக்கிறார்.

2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் வான்காட்சியில் ஹாக்கர் ஹன்டர் என்ற பழைய போர் ஜெட் ஒன்று விழுந்ததே, பக்கத்து நெடுஞ்சாலையில் இருந்த 11 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில் எரிபொருள் பம்பின் ரப்பர் சவ்வு சிதைந்திருந்தது தெரியவந்தது, எஜெக்ஷன் சீட்டின், அதாவது ஆபத்தில் பைலட்டை விமானத்துக்கு வெளியே வீசும் இருக்கையின், வெடிமருந்துக் கார்ட்ரிட்ஜ்கள் காலாவதியாகியிருந்ததும் தெரியவந்தது. விபத்துக்கு அவை காரணம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே ஏறித் தலைகீழாகி மீண்டும் கீழே வரும் வளையம் போடும்போது நுழைந்த வேகம் போதவில்லை, மேலே ஏறும்போது இன்ஜின் விசையும் குறைவு, உச்சியில் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கவில்லை, அப்படியிருந்தும் வளையத்தைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள், அதுதான் அறிக்கையின் சாரம். ஆனால் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தில், அனுமதித் தாள்கள் எல்லாம் இருக்கும்போதே, இப்படிப்பட்ட பாகங்கள் இருந்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய விஷயம். யாரும் பம்பைப் பிரித்துப் பார்க்காதவரை அந்தச் சவ்வின் நிலை யாருக்கும் தெரியப்போவதில்லை.

எனவே முதல் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் இது எத்தனை முறை பறந்தது, கடைசியாக எப்போது? சீசன் முழுக்க அடிக்கடி பறக்கும் விமானத்தில் நான் கொஞ்சம் நிம்மதியாக ஏறுவேன், ஆறு மாதம் நின்றுவிட்டு உங்களோடு முதல் முறை கிளம்பும் விமானத்தில் ஏற மாட்டேன், விருந்தாளியை ஏற்றுவதற்கு முன்னால் பைலட் தனியாக இரண்டு மூன்று முறை பறந்து சரிபார்த்திருக்க வேண்டும். குழாய்களையும் சீல்களையும் எந்த வருடம் மாற்றினார்கள் என்று லாக் புக்கில் தேதியோடு காட்டச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் போர்ஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டு டர்பைன் பிளேடுகளைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். ஒழுங்காகப் பராமரிக்கும் குழு இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. சொல்லப்போனால் ஆசையாக ஃபைலைத் திறந்து காட்டுவார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம்.

எரிபொருள் கசிவை "பழைய விமானம்னா கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 2009 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஓவர்பெர்க் வான்காட்சியில் ஒரு லைட்னிங் போர் விமானம் அழிந்தது கசிந்த எரிபொருள் பற்றிக்கொண்டதால்தான். தீ ஹைட்ராலிக்கைத் தின்றது, ஹைட்ராலிக் போனதும் கட்டுப்பாடு போனது. பைலட் வெளியேற முயன்றார், தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி (கேனோபி) கழன்று போகவில்லை, அவர் இறந்துபோனார். ஒரு கசிவில் தொடங்கி கடைசியில் உயிர்காக்கும் சீட்டும் கைவிட்ட கதை அது, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சீட் பற்றிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. நீங்கள் உட்காரப்போவது நாற்காலியில் இல்லை, வெடிமருந்தின் மேல். அந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, பழைய வகைகளுக்குப் புதிது கிடைப்பதே பெரும்பாடு. அதனால் எல்-39 வைத்திருக்கும் பலர் வெடிமருந்தை எடுத்துவிட்டுச் சீட்டை வெறும் இருக்கையாகவே வைத்துப் பறக்கிறார்கள். இது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், காலாவதியான மருந்தோடு பறப்பதைவிட நேர்மையான முடிவு. ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்ஜின் நின்றால் என்ன செய்வோம் என்பதற்கான பதில் இதைப் பொறுத்து மொத்தமாக மாறும். மருந்து உள்ள சீட் என்றால், எந்த உயரம் எந்த வேகத்தில் அது வேலை செய்யும் என்று கேளுங்கள். எல்-39இன் சீட் தரை மட்டத்திலும் காப்பாற்றும், ஆனால் விமானம் குறைந்தது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் இருக்க வேண்டும். ஓடுதளத்தில் மெதுவாக உருளும்போது அதன் கைப்பிடியை இழுத்தால் பாராசூட் விரியாது.

அப்புறம், யார் இழுப்பது, எப்போது இழுப்பது என்று தரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த வான்காட்சியில் மிக்-23 என்ற பழைய போர் ஜெட் ஒன்றின் ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் பகுதி) பற்றவில்லை. முன்னால் இருந்த பைலட் ஓடுதளத்தை நோக்கித் திருப்பிக்கொண்டே என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் இருந்தவர் கைப்பிடியை இழுத்துவிட்டார், இருவருமே வெளியே வீசப்பட்டார்கள். இருவரும் பிழைத்தார்கள், விமானம் ஒரு குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது, நல்லவேளை கீழே யாருக்கும் அடியில்லை. யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, அந்த நொடியில் அங்கே இல்லாதவர்கள் சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் விமானத்தில் பைலட் எந்த வார்த்தையைச் சொன்னால் நீங்கள் இழுக்க வேண்டும், அவர் பேச முடியாமல் போனால் என்ன, இது இரண்டும் ஏறும் முன்பே உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பைலட்டைப் பற்றியும் கேட்கலாம், கூச்சப்படாதீர்கள். மொத்தம் பத்தாயிரம் மணிநேரம் பறந்தவர் என்பது கேட்க நன்றாக இருக்கும், நான் கேட்பது இந்த வகை விமானத்தில் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை மணிநேரம் என்பதை.

சட்டைப் பை, பேன்ட் பை எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு ஏறுங்கள். பேனா, சாவி, செல்போன் எதுவும் வேண்டாம், தலைகீழாகத் திரும்பும்போது நழுவி கன்ட்ரோல் கம்பிகளுக்கு இடையில் போய் மாட்டிக்கொள்ளும். சின்னப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம், 2012இல் இங்கிலாந்தின் வல்கன் என்ற பழைய குண்டுவீச்சு விமானத்தில் இரண்டு இன்ஜின்கள் பாழானது ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் பைகளை உள்ளிழுத்ததால்தான். நிறுத்தி வைத்திருந்தபோது இன்ஜினைக் காப்பாற்ற வைத்த பைகள் அவை, எடுக்க மறந்துவிட்டார்கள்.

இனி உங்கள் இடுப்பு. சீட்டில் வெடிமருந்து இருந்தால், அது வெடித்து உங்களை மேலே தள்ளும் விசை நேராக முதுகெலும்பில்தான் இறங்கும். ஆரோக்கியமான இளம் பைலட்டுகளுக்கே எஜெக்ஷனில் முதுகெலும்பு நசுங்கி உடைவது உண்டு. சீட் வேலையே செய்யாவிட்டாலும், வளைந்து திரும்பும்போது நான்கைந்து மடங்கு எடை உங்கள் டிஸ்க் மேல் உட்காரும். உங்கள் எலும்பு மருத்துவரிடம் "ஜெட்டில் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல் எஜெக்ஷன் சீட் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஏறாதீர்கள். அவர் சரி என்றாலும், சாகசம் எதுவும் இல்லாமல் நேராகப் பறந்து மெதுவாகத் திரும்பி வரும் பயணம் மட்டும் போதும் என்று பைலட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னதை அவர் எழுதி வைத்துக்கொள்கிறாரா என்றும் பாருங்கள்.