53 கிரேடு தான் வேண்டும் என்கிறாரா கொத்தனார்?

வணக்கம். திண்டுக்கல்லில் 900 சதுர அடி வீடு, கரிம வெளியேற்றம் குறைய வேண்டும், ஆனால் கொத்தனார் 53 கிரேடு ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட் சிமென்டின் வலு கூடிய ரகம்) தவிர வேறு சிமென்டைத் தொடமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரைக் கோபிக்காதீர்கள். கரிமம் குறைந்த மாற்றான பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமென்ட், தொடக்கத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும். அவர் பயம் அதிலிருந்து வருகிறது.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் (சிமென்டுக்காக அரைக்கப்படும் மூலக்கட்டி) ஆக்கும்போது, எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறிவிடுகிறது. சூளையை எதைக் கொண்டு எரித்தாலும் இது நிற்காது. கிளிங்கரைக் குறைப்பதுதான் நம் கையில் உள்ள வழி. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். உங்கள் வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும் நாளைப் பொறியாளர் சொல்லட்டும். கொத்தனாரின் பயம் அதிலேயே பாதி தீரும்.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கட்டாயம் யோசியுங்கள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குவதால் 9 அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் விழும். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். கோணல் இல்லாத கல் வேண்டும். கொத்தனாருக்குப் புதிது என்றால் முதலில் சுற்றுச்சுவரில் பழகட்டும்.

அறைகளின் நீள அகலத்தை எழுதுங்கள். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் ஓடு பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம்.