இரவும் பகலும் ஓடும் சர்வருக்கு எந்தக் கட்டணம் கட்டுப்படியாகும்?

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் அமேசானின் மும்பை மையத்தில் நான்கு சர்வர்களில் ஓடுகிறது. வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சுமைதான். இதுவரை ஆன்-டிமாண்ட் கட்டணம்தான், அதாவது ஒப்பந்தமில்லாமல் ஓடும் நேரத்துக்கு மட்டும், கட்டுகிறோம். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 72 சதவீதம் வரை மிச்சமாகும் என்கிறார்கள். கட்டிவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒப்பந்தம் போடத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கு அல்ல, மூன்று வருடத்துக்கும் அல்ல.

அந்த 72 சதவீதம் உச்சவரம்பு. உங்கள் சர்வர் வகைக்கு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலத்துக்கு என்ன தள்ளுபடி என்று விலைப்பட்டியலில் பாருங்கள், பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சர்வர் மணிக்கு 10 ரூபாய், ஒரு வருட ஒப்பந்தத்தில் 7 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம், ஆக 7,300 ரூபாய் 5,110 ஆகிறது. ஆனால் சர்வர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த 5,110 கட்டியே ஆக வேண்டும். அதாவது மாதத்தில் 511 மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் லாபம். உங்கள் நான்கில் ஒன்று சோதனைக்கான சர்வர் என்றால், அதை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் தினமும் 12 மணி நேரம் அணைத்து வையுங்கள், ஆன்-டிமாண்டிலேயே 3,650 ரூபாயில் முடிந்துவிடும்.

அடுத்தது சர்வரின் அளவு. தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய சர்வரை எடுத்து வைத்துக்கொண்டு அதன்மேல் ஒப்பந்தமும் போட்டால், வீண்செலவுக்குத்தான் தள்ளுபடி வாங்குகிறீர்கள். இரண்டு மூன்று வாரம் சிபியு, மெமரி இரண்டையும் கவனியுங்கள். மெமரி அளவு அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் தானாக வராது, அதற்குச் சர்வரில் தனியாக ஏஜெண்ட் என்ற சிறு மென்பொருளை நிறுவ வேண்டும், பலர் இதைச் செய்வதே இல்லை. அப்புறம், டி3 வகை சர்வர்கள் அவ்வப்போது மட்டும் வேகம் தேவைப்படும் வேலைக்கானவை. டி3 மீடியத்தில் சிபியு அடிப்படை அளவு, அதாவது கூடுதல் கட்டணமில்லாமல் தொடர்ந்து பயன்படுத்தக்கூடியது, 20 சதவீதம்தான், நிலையான சுமை அதற்கு மேலேயே நின்றால் கூடுதல் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அப்படியானால் நிலையான சுமைக்கு ஏற்ற எம் அல்லது சி வகை சர்வருக்கு மாறிவிட்டு, பிறகு ஒப்பந்தத்தைப் பற்றி யோசியுங்கள்.

எதை வாங்குவது? என் பரிந்துரை, முன்பணம் இல்லாத, ஒரு வருட கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் என்ற தள்ளுபடி ஒப்பந்தம். இதன் உச்சத் தள்ளுபடி 66 சதவீதம்தான், குறிப்பிட்ட சர்வர் குடும்பத்தோடு கட்டிப்போடும் இன்ஸ்டன்ஸ் சேவிங்ஸ் பிளானில்தான் அந்த 72 கிடைக்கும். ஆனால் கம்ப்யூட் பிளானில் சர்வர் வகையை மாற்றலாம், மும்பையை விட்டு வேறு ரீஜனுக்குப் போகலாம், சர்வரை நாமே பராமரிக்காமல் மென்பொருளை ஓட்டும் ஃபார்கேட், லாம்டா சேவைகளுக்கும் அதே பிளான் செல்லும். மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு அந்தச் சுதந்திரம் சில சதவீதத்தைவிடப் பெரியது என்று உறுதியாக நம்புகிறேன்.

எவ்வளவுக்கு ஒப்புக்கொள்வது என்பதில்தான் பணம் நிற்பதும் போவதும். ஒப்பந்தம் மணிக்கு இத்தனை டாலர் என்ற கணக்கில் இருக்கும், ஒரு மணி நேரத்தில் பயன்படுத்தாத தொகை அடுத்த மணிக்கு மிஞ்சாது. அதனால் சராசரியைப் பார்க்காதீர்கள். உங்கள் பயன்பாடு மிகவும் குறையும் நேரம், ஞாயிறு அதிகாலை என்று வையுங்கள், அப்போது ஆகும் செலவைத் தள்ளுபடி விலையில் கணக்கிட்டு அந்த அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மேலே வருவது ஆன்-டிமாண்டில் போகட்டும். பற்றவில்லை என்றால் இன்னொரு பிளானைப் பிறகு சேர்க்கலாம், ஆனால் வாங்கிய முதல் சில நாட்கள் கடந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கவோ குறைக்கவோ வழி கிடையாது.

இந்தத் தள்ளுபடி டிஸ்குக்கோ, வெளியே போகும் டேட்டாவுக்கோ கிடையாது. 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறார்கள், தேவையில்லாத முகவரிகளை விட்டுவிடுங்கள். டிஸ்க் இன்னும் ஜிபி2 (gp2) என்ற பழைய வகை என்றால் ஜிபி3-க்கு (gp3) மாற்றுங்கள், ஒரு ஜிகாபைட்டுக்கான விலை 20 சதவீதம் குறைவு, சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம்.

கேள்வி: ஸ்பாட் சர்வர் 90 சதவீதம் வரை மலிவாமே, பில்லிங்குக்கு ஆகாதா?
- அதே வாசகர்

பதில்: ஆகாது. ஸ்பாட் என்பது அமேசானிடம் சும்மா இருக்கும் சர்வர், அவர்களுக்குத் தேவைப்பட்டால் இரண்டே நிமிட முன்னறிவிப்பில் எடுத்துக்கொள்வார்கள். கடையில் ஆள் நிற்கும்போது பில் போட முடியாமல் போகக் கூடாது. இரவில் ரிப்போர்ட் தயாரிப்பது போல, பாதியில் நின்றால் மறுபடி தொடங்கக்கூடிய வேலைகளுக்கு மட்டும் ஸ்பாட்டை வையுங்கள்.