முதல் வேலை: சென்னையா, காரைக்குடியா, கானாடுகாத்தானா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யூ.வுக்கு எடுத்திருக்கிறார்கள். சம்பளம் 19,000, ஹாஸ்டல் உண்டு, இரண்டு வருட பாண்ட். காரைக்குடியில் 20 படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றில் 11,000 தருகிறார்கள், வீட்டிலிருந்தே போய் வரலாம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு ஆச்சியைப் பார்த்துக்கொள்ள 22,000 தருவதாகவும் கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். எங்கள் அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அம்மாவோ, "எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி கவர்மென்ட் வேலை வாங்கு, அதுவரைக்கும் இங்கேயே இரு" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, தேவகோட்டை

பதில்: சென்னைக்குப் போங்கள் என்பதுதான் என் யோசனை. ஆனால் அந்த பாண்டைப் பற்றிப் பேசி முடிக்காமல் பெட்டி கட்ட வேண்டாம்.

ஆச்சி வீட்டு வேலையை முதலில் பார்த்துவிடுவோம், பணம் அதில்தான் அதிகம். அது கௌரவமான வேலைதான். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக வயதானவர்கள் இருப்பது நம் பக்கம் புதிதல்ல. ஆனால் முதல் வேலையாக வேண்டாம். தொடக்கத்தில் பி.பி. பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும்தான் உங்கள் வேலையாக இருக்கும். சமையல் செய்கிற அம்மா வராத அன்றைக்கு இரண்டாங்கட்டு அடுப்பும் உங்கள் தலையில் விழும். இரண்டு வருடம் கழித்து வெளியே வரும்போது கையில் அனுபவச் சான்றிதழும் இருக்காது. வென்ஃப்ளான் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டுப் பழகிய கையும் மறந்திருக்கும். பத்து வருட அனுபவம் உள்ளவர் போய்ச் செய்தால் அந்த ஆச்சிக்கும் நல்லது.

காரைக்குடி நர்சிங் ஹோமை நான் குறைத்துச் சொல்லவில்லை. சின்ன இடத்தில் எல்லா வேலையும் கைக்கு வரும். பிரசவம், டிரெஸ்ஸிங், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். என் பயம் நைட் டூட்டியைப் பற்றியது. இரவு இரண்டு மணி என்று வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பேஷன்ட், நீங்கள் ஒருத்தி, துணைக்கு ஒரு ஆயா. ஒருவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது. டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பி வரக் கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் ஆக்சிஜனை எவ்வளவு வைப்பது, எந்த ஊசியை எடுத்து ரெடியாக வைப்பது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு சீனியர் வேண்டும். புதிதாக வருகிறவருக்குச் சம்பளத்தை விட அதுதான் முக்கியம். அந்த நர்சிங் ஹோமில் இரவில் அப்படி ஒரு சீனியர் சிஸ்டர் இருக்கிறார் என்றால் என் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன்.

(சம்பளம் என்றதும் ஒன்று. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசின் குழு பரிந்துரை செய்துவிட்டது. உங்களுக்கு வந்திருப்பது 11,000. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.)

சென்னையிலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது முறை. அங்கே உங்களிடம் எத்தனை பேரை விடுவார்கள்? தனியாக விடுவதற்கு முன் எத்தனை வாரம் சீனியருடன் போடுவார்கள்? எச்.ஆரிடம் கேட்டால் அழகான பதில் வரும். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் சிஸ்டர்களிடம் கேளுங்கள், உண்மை வரும். உங்கள் காலேஜ் சீனியர் யாராவது அங்கே இருந்தால் இன்னும் நல்லது.

இனி பாண்ட். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் சேர வேண்டாம். இதில் பேரமே இல்லை. சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதோடு சரி. நாளைக்கே எம்.ஆர்.பி.யில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டால் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாள் நோட்டீஸ், அனுபவச் சான்றிதழ் தருவார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

19,000-இல் ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தது போக என்ன மிஞ்சும் என்று கேட்டுவிடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். இ.எஸ்.ஐ. இருந்தால் உங்களை நம்பியிருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம்.

அம்மா சொல்வதில் பாதி சரி. எம்.ஆர்.பி. எழுதுங்கள், நர்சுகளுக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வையும் எழுதுங்கள். ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. எம்.ஆர்.பி.யில் தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியத்தில் எடுத்து, இடம் காலியாகக் காலியாகத்தான் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படி வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அதுவும் போஸ்டிங்கை தேவகோட்டையிலேயே போடுவார்கள் என்று யார் சொன்னது? கிருஷ்ணகிரி மலைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அம்மா என்ன சொல்வார்? அதைவிடச் சென்னைக்குப் போய் வருவது சுலபம். விடியற்காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை.

வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்புகிற பயம் அவருக்கு இருக்கும், வாயால் சொல்ல மாட்டார். சேரும்போது கூட்டிக்கொண்டு போய் ஹாஸ்டலைக் காட்டுங்கள். மருத்துவமனையிலிருந்து அது எவ்வளவு தூரம், ராத்திரி டூட்டி முடிந்தால் வண்டி உண்டா என்று வார்டனிடம் அவரே கேட்கட்டும்.

அப்பத்தாதான் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். இப்போது அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது நீங்கள்தானே? கிளம்புவதற்கு முன் அம்மாவுக்கும், வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் எப்படிப் புரட்டுவது, தோல் சிவந்திருக்கிறதா என்று குதிகாலிலும் முதுகடியிலும் எங்கே பார்ப்பது என்பதை நீங்கள் செய்து காட்டி, பிறகு அவர்களையே செய்ய வையுங்கள். ஏர் பெட் ஒன்று வாங்கிப் போடுங்கள். அப்புறம், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். 2021-இல் இருந்து நடக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பத்தாவின் பெயரைப் பதிந்து, முதல் முறை அவர்கள் வரும்போது நீங்களும் வீட்டில் இருங்கள். இதற்கு ஒரு பத்து நாளாவது ஆகும், அதனால் சென்னையில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள்.