பெட்டியில் 6400, படத்தில் 2300: ஃபிலிம், ஸ்கேனர் கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டியவை (கேள்வி பதில்)

ஃபிலிமும் ஸ்கேனரும் செய்யும் கம்பெனிகள் நமக்கு எதைத் தர வேண்டும், அவர்கள் தரும் வரை நாம் எப்படிச் சமாளிப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என் ஃபிளாட்பெட் ஸ்கேனர் பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கிறது. 35 எம்எம் நெகட்டிவை அதில் வைத்தால் 55 மெகாபிக்சல் ஃபைல் வருகிறது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் மொழுமொழுவென்று இருக்கிறது. ஸ்கேனர் பழுதா?

பதில்: பழுதில்லை தம்பி. 6400 என்பது சென்சார் ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற கணக்கு. லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைச் சென்சாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பது வேறு கணக்கு, அது பெட்டியில் இருக்காது.

நீங்களே அளந்து பார்க்கலாம். யுஎஸ்ஏஎஃப் 1951 என்ற கோட்டு அட்டை கண்ணாடியில் அச்சிட்டுக் கிடைக்கிறது. அதை நெகட்டிவ் இருக்கும் உயரத்திலேயே வைத்து 6400-இல் ஸ்கேன் செய்யுங்கள். எந்த வரிசை வரை மூன்று கோடுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன என்று பாருங்கள். ஐந்தாம் தொகுதியில் நான்காம் வரிசை வரை பிரிந்து தெரிந்தால் அது மில்லிமீட்டருக்கு 45.3 கோட்டு ஜோடி. ஒரு ஜோடிக்கு இரண்டு புள்ளி, ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர், ஆக 50.8-ஆல் பெருக்கினால் 2,300 டிபிஐ. நல்ல ஃபிளாட்பெட் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் நிற்கும். 24×36 மில்லிமீட்டர் ஃபிரேமுக்கு அது சுமார் 7 மெகாபிக்சல். மீதி 48-ம் வெறும் இடம் அடைப்பு. அதே கருவியில் 120 என்ற அகலமான ஃபிலிமின் 6×6 சென்டிமீட்டர் ஃபிரேமை வைத்தால் 25 மெகாபிக்சல் உண்மையான விவரம் வரும். அதனால் 120-க்கு இது நல்ல கருவி, 35 எம்எம்முக்கு முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்க மட்டும் போதும்.

குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு முறை அளக்க மறக்காதீர்கள். ஒரு திசையை லென்ஸும் சென்சாரும் தீர்மானிக்கின்றன, மற்றதில் மோட்டார் நகரும் சீரும் சேர்ந்துகொள்கிறது.

இதற்காகக் கம்பெனிகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஃபிலிம் ஸ்கேனரின் நுணுக்கத்தை அளக்க ஐஎஸ்ஓ 16067-2 என்ற முறை 2004 முதலே இருக்கிறது. அதன்படி வந்த எண்ணைப் பெட்டியில் அச்சிடச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் நாம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது இதுதான்.

கேள்வி: சார், டென்சிட்டி ரேஞ்ச் 4.8 என்கிறார்களே, அதையாவது நம்பலாமா?

பதில்: ஃபிலிமின் வெளிர்ந்த இடம் முதல் எவ்வளவு கரிய இடம் வரை ஸ்கேனர் படிக்கும் என்பதற்கான எண் அது. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 16 பிட் என்றால் 65,536 படிகள். அதன் மடக்கை 4.8. கருவியை அளக்காமலே சொல்லிவிடக்கூடிய எண் அது. ஸ்லைடின் கரிய நிழலில் சென்சார் இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அதை அளக்க ஐஎஸ்ஓ 21550 இருக்கிறது. கலர் நெகட்டிவ் மட்டும் எடுப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம், நெகட்டிவின் அடர்த்தி வீச்சு குறைவு. வெல்வியா போன்ற ஸ்லைடு எடுப்பவர்கள் வாங்குமுன் ஒரு கரிய ஸ்லைடைக் கொடுத்து ஸ்கேன் செய்து பாருங்கள்.

கேள்வி: பழைய நிக்கான் கூல்ஸ்கேன் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா அண்ணே?

பதில்: கூல்ஸ்கேன் ஃபிலிமுக்கென்றே நிக்கான் செய்த ஸ்கேனர். எந்த மாடல் என்று முதலில் பாருங்கள். கூல்ஸ்கேன் 5-ம் 5000-ம் யுஎஸ்பி. 8000-ம் 9000-ம் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு. ஃபயர்வயர் என்றால் இன்றைய கணினியோடு இணைக்க அடாப்டருக்கு மேல் அடாப்டர் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு பழைய கணினியை இதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். நிக்கான் தந்த ஸ்கேன் மென்பொருள் இன்றைய இயங்குதளங்களுக்கு வரவில்லை. வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் என்ற வேறு கம்பெனி மென்பொருள்கள் இரண்டும்தான் இந்தக் கருவிகளை உயிரோடு வைத்திருக்கின்றன.

வாங்குமுன் ஒரு சோதனை. பிரகாசமான வானத்தின் எதிரில் கரிய கிளை இருக்கும் ஸ்லைடு ஒன்றை ஸ்கேன் செய்யுங்கள். வெளிச்சம் கிளைக்குள் புகைபோல வழிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடியில் தூசிப்படலம் படிந்திருக்கிறது. அந்தக் கண்ணாடியின் ரசப்பூச்சு மேல்புறமே இருப்பதால் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறிவிடும். பழகிய ஆளிடம் கொடுங்கள். ஓட்டோஃபோகஸ் மோட்டாரின் சத்தமும் சீராக இருக்க வேண்டும்.

4000 டிபிஐ என்று சொன்னதற்கு மிக நெருக்கமாகவே தந்த கருவிகள் இவை. லென்ஸ் நல்லது, ஃபோகஸ் தானே பிடிக்கும், எல்இடி விளக்கு. உற்பத்தி நின்று பதினைந்து ஆண்டுகள் ஆகியும் இந்த விலைக்கு அந்த இடத்தில் வேறொன்று வரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். உற்பத்தியை நிறுத்துவது அவர்கள் உரிமை. ஆனால் நிறுத்தும் நாளில் கருவி கணினியோடு பேசும் கட்டளைகளையும் சர்வீஸ் மேனுவலையும் வெளியிட்டுவிட வேண்டும். பல ஸ்கேனர்கள் குப்பைக்குப் போவது உடைந்து அல்ல, டிரைவர் இல்லாமல்.

கேள்வி: கறுப்பு வெள்ளை நெகட்டிவில் தூசி நீக்கும் வசதியைப் போட்டால் படமே சிதைகிறதே?

பதில்: அந்த வசதி அகச்சிவப்பு ஒளியால் இயங்குகிறது. கலர் ஃபிலிமில் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி மறைக்கும், அதனால் தூசியின் வரைபடம் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளி. வெள்ளியும் மறைக்கும். கருவிக்கு முகமும் தூசியும் ஒன்றுதான். அணைத்துவிடுங்கள். இல்ஃபோர்டின் எக்ஸ்பி2 சூப்பர் மட்டும் விலக்கு. அது கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவும் சாயப்படம்.

கேள்வி: டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்து நெகட்டிவைப் படம் பிடிக்கிறேன். தோல் நிறம் ஒருநாள் மஞ்சள், ஒருநாள் ஊதா. என்ன தவறு?

பதில்: கேமரா வழி நல்ல வழிதான். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் கேமராவில் 1:1 அளவில் எடுத்தால் 4,200 டிபிஐக்குச் சமம். உங்கள் சிக்கல் விளக்கில் இருக்கிறது.

கலர் நெகட்டிவ் கண்ணால் பார்ப்பதற்குச் செய்ததில்லை. ஃபோட்டோ பேப்பர் பார்ப்பதற்குச் செய்தது. பேப்பர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் குறுகிய பட்டைகளில் உணரும். வெள்ளை விளக்கும் கேமராவின் வடிகட்டியும் சேர்ந்தால் அந்தப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். மென்பொருளில் எவ்வளவு திருகினாலும் ஒரு நிறத்தைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். வெள்ளை விளக்கு என்றால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற எண்) 95-க்கு மேல் வாங்குங்கள். முடிந்தால் சுமார் 450, 540, 650 நானோமீட்டரில் மூன்று தனி எல்இடி உள்ள விளக்கு இன்னும் நல்லது. விளக்கு செய்பவர்கள் சிஆர்ஐ எண்ணோடு நிறுத்தாமல் நிறமாலை வரைபடத்தையும் தர வேண்டும்.

இனி அமைப்பு. ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படுக்க வையுங்கள். லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நடுவில் வரும் வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள், அப்போதுதான் நான்கு மூலையும் ஃபோகஸில் வரும். அப்பர்ச்சர் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை. ஃபிரேமைச் சுற்றி வழியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள், அறை விளக்கை அணையுங்கள். எக்ஸ்போஷரை மேனுவலில் வைத்து ஒரு ரோல் முழுக்க மாற்றாதீர்கள். நிறம் ஒவ்வொரு நாளும் மாறுவதற்கு ஓட்டோ எக்ஸ்போஷரும் ஓட்டோ ஒயிட் பேலன்ஸும் முக்கியக் காரணம். ஃபிலிம் வைக்காமல் வெறும் விளக்கை மட்டும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஓரம் இருளும் குறையைப் பிறகு கழிக்கலாம்.

கேள்வி: ஹோல்டரில் ஃபிலிம் வில்போல வளைகிறது. கண்ணாடி வைத்தால் வானவில் வளையம்.

பதில்: வளையம் வருவது ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொடுவதால். வளையம் விழாதபடி செய்த ஆன்டி நியூட்டன் கண்ணாடி வாங்குங்கள், அல்லது மங்கலான எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) பக்கம் கண்ணாடியைத் தொடும்படி வைத்துப் பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பல லட்சம் செலவழித்து வடிவமைத்த ஸ்கேனரோடு நொய்ந்த பிளாஸ்டிக் ஹோல்டரைக் கொடுப்பதைக் கம்பெனிகள் நிறுத்த வேண்டும்.

கேள்வி: கோடாக்ரோம் திரும்ப வருமா ஐயா? எக்டாக்ரோம் வந்ததே!

பதில்: வராது. இரண்டும் கோடாக்கின் ஸ்லைடு ஃபிலிம்கள்தான். எக்டாக்ரோம் 2012-இல் நின்று 2018-இல் வந்தது. அதைக் கழுவும் இ-6 முறை உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்ததால் ஃபிலிமை மட்டும் மீட்டால் போதுமாக இருந்தது. கோடாக்ரோமில் நிறத்தை உண்டாக்கும் சேர்மங்கள் ஃபிலிமிலேயே இல்லை. மூன்று தனி கலர் டெவலப்பர்களில் கழுவும்போதுதான் நிறம் ஏறும். அந்த கே-14 முறையைக் கடைசியாக நடத்தியது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு லேப். 2010 டிசம்பர் 30 வரைதான் ரோல்களை வாங்கினார்கள்.

கேள்வி: நம் ஊட்டியில் ஃபிலிம் தொழிற்சாலை இருந்ததே. சின்ன அளவிலாவது மறுபடி செய்யக்கூடாதா?

பதில்: இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. ஆசை நியாயமானது. ஆனால் "சின்ன அளவு" என்பதுதான் இந்தத் தொழிலில் கடினம். எமல்ஷன் பூசும் இயந்திரம் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான சுருளை மைல் கணக்கில் இருட்டில் ஓட்டுவதற்குக் கட்டியது. ஒருமுறை ஓட்டினால் விற்றுத் தீர்க்க ஆட்கள் வேண்டும். ஒரு மூலப்பொருள் கிடைக்காமல் போனால் ஃபிலிமே நின்றுவிடும். ஃபியூஜி 2021-இல் புரோ 400ஹெச்சை நிறுத்தியபோது சொன்ன காரணமும் மூலப்பொருள்தான். இங்கிலாந்தின் மோபர்லியில் இருக்கும் ஹார்மன் கம்பெனி 2023-இல் ஃபீனிக்ஸ் 200 என்ற புதிய கலர் ஃபிலிமைக் கொண்டுவர முடிந்ததென்றால், பூசும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் அங்கே கலையாமல் இருந்ததால்தான்.

கேள்வி: 120 ஃபிலிமில் வானத்தில் எண்ணும் புள்ளியும் விழுந்திருக்கின்றன.

பதில்: 120 ஃபிலிமோடு சேர்த்துச் சுருட்டியிருக்கும் பின்காகிதத்தின் மை எமல்ஷனில் பதிந்தது. சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. ஃபிலிமை உறை பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தபின் ஒரு மணி நேரம், ஃப்ரீசரிலிருந்து என்றால் மூன்று மணி நேரம் காத்திருந்து உறையைப் பிரியுங்கள், அவசரப்பட்டால் வேர்த்துவிடும். எடுத்த ரோலை வாரக்கணக்கில் பையில் போட்டு வைக்காமல் கழுவக் கொடுங்கள். கம்பெனிகள் காலாவதித் தேதியோடு தயாரித்த மாதத்தையும் அச்சிட்டால் அது வழியில் எத்தனை கோடை பார்த்தது என்று நமக்குத் தெரியும்.

கேள்வி: சினிமா ஃபிலிமைச் சுருட்டி விற்கிறார்கள், லேபில் வாங்க மறுக்கிறார்கள்.

பதில்: மறுப்பது சரி. அதன் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தால் லேபின் இயந்திரம் முழுவதும் கரியாகி, அடுத்து வருபவர் படமும் கெடும். வீட்டில் கழுவினால் முதலில் அதை இளக்க வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு வெங்காரம் 20 கிராம், நீரற்ற சோடியம் சல்பேட் 100 கிராம், காஸ்டிக் சோடா 1 கிராம், 27 டிகிரி, பத்து விநாடி. கையுறை கட்டாயம். பிறகு நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், கரி வருவது நிற்கும் வரை. கழுவும் வேலையின் மற்றக் கட்டங்களை முடித்தபின் முதுகுப் பக்கம் மட்டும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். மறுசுருட்டி விற்பவர்கள் ரெம்ஜெட் உண்டா இல்லையா என்று டப்பாவின் மேலேயே எழுதட்டும்.

கேள்வி: விமான நிலையத்தில்?

பதில்: பைகளைச் சோதிக்கும் புதிய சிடி வகை எக்ஸ்ரே ஸ்கேனரில் ஃபிலிமை ஒருமுறைகூட விடாதீர்கள், வேகம் குறைந்த ஐஎஸ்ஓ 100 ஃபிலிமானாலும். கையால் பார்க்கச் சொல்லுங்கள். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

கேள்வி: ரோலில் குறை இருந்தால் கம்பெனிக்கு எப்படி எழுதுவது சார்? பதிலே வருவதில்லை.

பதில்: "உங்கள் ஃபிலிம் மோசம்" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் எமல்ஷன் எண் டப்பாவில் காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும், 120-க்கு உறையிலும் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். எங்கே வாங்கியது, எப்படி வைத்திருந்தது, எந்த டெவலப்பர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பாமல், நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்து ஓரத் துளைகளும் எழுத்தும் தெரியும்படி ஒரு படம் எடுத்துச் சேருங்கள். குறை ஃபிரேமுக்கு வெளியிலும் நீண்டிருந்தால் கேமராவின் மேல் பழி போட முடியாது. அதே எண்ணுள்ள பிரிக்காத ரோல் ஒன்று மிச்சம் இருந்தால் அதைச் சுட்டுவிடாமல் வைத்திருங்கள். ஆய்வுக்கு அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.