வேதியியலை நம்பிப் படிக்க வைக்கலாமா?

உங்கள் மகளுக்குக் கணினிப் பொறியியலில் எப்படியாவது இடம் வாங்கிவிட வேண்டும் என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதாகவும், அவளோ வேதியியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாகவும், இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு உறக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆயினும் வீட்டை அடமானம் வைத்து அந்த இடத்தை வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. யோசனை சொல்லும் பெரியப்பா தவணை கட்டப்போவதில்லை.

உங்கள் கடிதத்தோடு மகள் இணைத்திருந்த அரைப்பக்கக் குறிப்பைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மின்கலம் மின்னேறும்போது லித்தியம் அயனி, பென்சில் கரியான கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் எளிதாக நுழைகிறது. சோடியம் அயனி பெரியது என்பதால் நுழைவதில்லை என்கிறார்கள். அப்படியானால் அதைவிடப் பெரிய பொட்டாசியம் மட்டும் எப்படி நுழைகிறது என்று கேட்டிருக்கிறாள். மிகச் சரியான கேள்வி. அளவு மட்டும் காரணமன்று. சோடியத்துக்கும் கார்பன் அடுக்குக்கும் இடையிலான பிணைப்பு வலுவற்றது, அதனால் அந்தச் சேர்மம் நிலைப்பதில்லை. பாடநூலின் விடையைச் சந்தேகித்து இந்த இடத்துக்கு வந்து நிற்கும் பிள்ளையை வேறு துறைக்குத் தள்ளுவது வீண் செலவு.

மருத்துவம், கணினி, வங்கித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி உறவினர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பேசியிருப்பார்கள். அவர்கள் வாயில் வராத ஒரு வழி, இந்தக் குறிப்பிலேயே இருக்கிறது: மின்கலப் பொருளறிவியல், குறிப்பாகச் சோடியம் அயனி மின்கலங்களுக்கான அடுக்கு நானோ பொருள்கள்.

லித்தியம் அயனி மின்கலம் 1991 இல் சந்தைக்கு வந்தது. லித்தியத்தைவிடச் சோடியம் பூமியின் மேலோட்டில் பல நூறு மடங்கு அதிகம். அத்துடன் அது அலுமினியத்தோடு கலந்து உலோகக் கலவை ஆவதில்லை என்பதால், எதிர்மின்முனையிலும் செம்புத் தகட்டுக்குப் பதிலாக மலிவான அலுமினியத் தகட்டைப் பயன்படுத்தலாம். சிக்கல் சோடியத்தைத் தங்க வைக்கும் பொருளில்தான் இருக்கிறது. கிராஃபைட்டில் அடுக்குகளின் இடைவெளி சுமார் 0.335 நானோமீட்டர், அதேபோல் அடுக்குகளாக அமைந்த மாலிப்டினம் டைசல்பைடு என்ற சேர்மத்தில் அது சுமார் 0.62 நானோமீட்டர். இடம் இருக்கிறது, சோடியமும் நுழைகிறது. ஆனால் அளவுக்கு மேல் ஏற்றினால் அடுக்கமைப்பே சிதைந்து வேறு சேர்மங்களாக மாறுகிறது, ஒவ்வொரு முறை மின்னேறி இறங்கும்போதும் மின்கலம் சேமிக்கும் மின்னளவு குறைகிறது. ஆகவே அதை மிக மெல்லிய நானோ தாள்களாகப் பிரிப்பதும், கார்பனோடு சேர்த்துப் பின்னுவதும், இடைவெளியை இன்னும் அகலப்படுத்துவதும் இன்று பல ஆய்வகங்களின் அன்றாட வேலை. நேர்மின்முனைப் பக்கம் மாங்கனீசு, இரும்பு, நிக்கல் கலந்த சோடிய அடுக்கு ஆக்சைடுகள் இருக்கின்றன. அவற்றில் பல, காற்றின் ஈரம் பட்டாலே கெட ஆரம்பிக்கும்.

மாணவியின் கைக்கு வரும் வேலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தயாரித்த தூளைக் கரிப்பொடியோடும் பிணைப்பானோடும் கரைப்பானில் குழைத்து, அந்தக் குழம்பை உலோகத் தகட்டில் சீராகப் பூசி, வெற்றிட அடுப்பில் உலர்த்தி, சிறு வட்டங்களாக வெட்டி, ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள ஆர்கான் வாயு நிரம்பிய குளோவ் பாக்ஸுக்குள் (கையுறைகள் பொருத்திய மூடிய பெட்டி) கையை நுழைத்து, நாணய அளவு செல்லாக அடைக்க வேண்டும். பிறகு அது வாரக்கணக்கில் மின்னேறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பூச்சு தடிமன் மாறினால் முடிவும் மாறிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது நரகம். உங்கள் மகளின் குறிப்பைப் பார்த்தால் அவளுக்கு அப்படித் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. இளநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் இந்தத் துறையில் நல்ல வேலை அரிது. முதுநிலை வரை ஐந்து ஆண்டுகள் ஆகும். லித்தியத்தின் விலை 2022 இல் உச்சத்துக்குப் போய் மறு ஆண்டே சரிந்ததைப்போல் மீண்டும் நடந்தால், சோடியத்தின் மீதான ஆர்வமும் தளரலாம். அதனால் 'சோடியம்' என்ற பெயரை நம்பி அல்ல, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவைக் கொண்டு (கதிர் சிதறும் விதத்தை வைத்து) பொருளின் உள்ளமைப்பைப் படித்தறிதல், மின்வேதி அளவீடு, பொருள் தயாரிப்பு ஆகிய திறன்களை நம்பித்தான் சேர வேண்டும். அவை லித்தியத்துக்கும் வினையூக்கிகளுக்கும் மின்கல மறுசுழற்சிக்கும் அப்படியே உதவும்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளநிலை அறிவியலைக் குறைந்த கட்டணக் கல்லூரியிலேயே படிக்கட்டும். சில வார வகுப்பு நடத்திவிட்டு 'மின்கல நிபுணர்' சான்றிதழ் விற்கும் இடங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். பின்னாளில் முனைவர் ஆய்வுக்குப் போனால், மாத உதவித்தொகை இல்லாத இடத்தை ஏற்கவே கூடாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் விட்டுவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இளநிலை மாணவர்களைக் கருவிகளைத் தொட விடுகிறார்களா, இறுதியாண்டில் தனி ஆய்வுத் திட்டம் உண்டா, கடந்த ஆண்டு அதைச் செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம், மகளே கேட்கட்டும். பெரியப்பாவையும் உடன் அழைத்துச் செல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.