எக்ஸ்ரே பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை அட்டை

கேள்வி: காயலான் கடையில் பழைய எக்ஸ்ரே கேசட் (ஃபிலிமை வைத்துப் படம் எடுக்கும் தட்டைப் பெட்டி) ஒன்று கிடைத்தது. திறந்தால் ஃபிலிம் இல்லை, மூடியிலும் அடியிலும் வழுவழுப்பான வெள்ளை அட்டை ஒட்டியிருக்கிறது. அது எதற்கு? வீட்டில் வைத்திருந்தால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எக்ஸ்ரே பட்ட பொருள் கதிரைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு கக்காது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் கேசட்டின் பின்பக்கம் மெல்லிய ஈயத்தகடு இருக்கலாம், பிய்த்துப் பார்க்க வேண்டாம், குழந்தைகளிடமும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த அட்டை. அதன் பெயர் இன்டென்சிஃபையிங் ஸ்கிரீன், எக்ஸ்ரே அறையில் வெறும் 'ஸ்கிரீன்'. ஃபிலிமுக்கு எக்ஸ்ரே லேசில் உறைக்காது, விழும் கதிரில் பெரும்பகுதி அப்படியே ஊடுருவிப் போய்விடும், சில சதவீதம்தான் அதில் தங்கும். ஸ்கிரீனில் பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் தூளோ ஒரு எக்ஸ்ரே ஃபோட்டானை, அதாவது கதிர்த்துகளை, வாங்கி நூற்றுக்கணக்கான ஒளி ஃபோட்டான்களாக உதிர்க்கும். ஃபிலிம் கறுப்பதில் 95 சதவீதத்துக்கும் மேல் இந்த வெளிச்சத்தால்தான். ஆக, டாக்டர் விளக்கில் மாட்டிப் பார்த்தது எக்ஸ்ரே படம்கூட இல்லை, மின்னிய அட்டையைப் பிடித்த போட்டோ!

இதன் கதை 1896-இலேயே ஆரம்பித்துவிட்டது. நியூயார்க்கில் ஒருவர் கையில் வேட்டைத் துப்பாக்கிக் குண்டுகள் பொதபொதவென்று ஏறிவிட்டன. எக்ஸ்ரே எடுக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அசையாமல் கையை நீட்டிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பூபின், எடிசன் அனுப்பியிருந்த ஒளிரும் திரையைப் போட்டோ தகட்டோடு சேர்த்து வைத்தார். சில விநாடிகளில் படம் வந்துவிட்டது.

எடிசனுக்குப் பிடித்த பாஸ்பரான கால்சியம் டங்ஸ்டேட்தான் அதற்குப் பிறகு எழுபது, எண்பது வருஷம் ஓடியது. 1970-களில் கடோலினியம் போன்ற அரிய மண் தனிமங்கள் வந்தன. பழையது உறிஞ்சிய சக்தியில் 5 சதவீதம் அளவுக்கே வெளிச்சமாக மாற்றும், புதியது 15, 20 வரை போகும், நோயாளிக்குக் கதிர் அந்த அளவுக்கு மிச்சம். ஒரு சிக்கல், கடோலினியம் ஸ்கிரீன் பச்சையாக ஒளிரும். பச்சை தெரியாத பழைய ஃபிலிமை அதில் போட்டால் படம் வெளிறிப்போகும். பச்சை தெரிந்த ஃபிலிமை இருட்டறையின் பழைய மஞ்சள் விளக்கடியில் எடுத்தாலோ புகைமூட்டம்தான், அதற்குச் சிவப்பு விளக்கு வேண்டும்.

கேள்வி: அம்மாவின் பழைய வயிற்று எக்ஸ்ரேயில் பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி. கல்லா?

பதில்: கல்லாகவும் இருக்கலாம், தூசியாகவும் இருக்கலாம். ஸ்கிரீன் மேல் தூசி உட்கார்ந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஃபிலிமை எட்டாது, வெள்ளையாகவே நிற்கும். தூசிப் புள்ளி ஓரம் கத்தரித்த மாதிரி கூர்மையாக இருக்கும், அதே கேசட்டில் எடுத்த அடுத்தவர் படத்திலும் அதே இடத்தில் வரும். இதற்காகவே ஸ்கிரீன் மூலையில் நம்பர் எழுதி வைப்பார்கள், அது ஃபிலிமிலும் விழும், எந்தக் கேசட்டைத் துடைப்பது என்று தேட வேண்டாம். ஆனாலும் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள், சந்தேகமிருந்தால் இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்.

கேள்வி: பல் எக்ஸ்ரே ஃபிலிமில் ஸ்கிரீன் இல்லையே?

பதில்: வெளிச்சம் ஸ்கிரீனுக்குள் கொஞ்சம் பரவுவதால் ஓரங்கள் மங்கும். பல்வேரின் நுனியில் மயிரிழை விரிசல் தேடுபவருக்கு அது கட்டாது. அதனால் வாய்க்குள் வைக்கும் சின்ன ஃபிலிமுக்கு நேராகக் கதிர்தான்.